மீனவர்கள் வரையும் கடல்: பங்கேற்பு வரைபடம் பற்றி ஓர் அறிமுகம்

கப்பல் மாலுமிகள் பயன்படுத்தும் கடல் வரைபடத்தில் ஆழம் எண்களாகக் குறிக்கப்பட்டிருக்கும். பாறை, மணல்திட்டு, கலங்கரை விளக்கம், மூழ்கிக் கிடக்கும் பழைய கப்பல் எல்லாம் இருக்கும். தரைதட்டாமல் துறைமுகம் போய்ச்சேர இவ்வளவு போதும். அதே கடலில் தொழில் செய்யும் மீனவருக்கு வேண்டிய விவரமே வேறு. எந்தப் பாரில் (கடலடிப் பாறைத்திட்டில்) எந்த மாதம் எந்த மீன் நிற்கும், எங்கே வலை மாட்டிக் கிழியும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும்போது எங்கே போகக் கூடாது, எந்த இடம் எந்த ஊரின் பாடு, அதாவது மீன்பிடி உரிமை உள்ள இடம், என்பதெல்லாம் அவருக்குத் தெரிய வேண்டும். அச்சடித்த வரைபடத்தில் இவை இருப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக ஆட்களின் நினைவில்தான் இருக்கின்றன.

அந்த நினைவைக் காகிதத்துக்கோ கணினித் திரைக்கோ கொண்டுவரும் வேலையைத்தான் பங்கேற்பு வரைபடம் என்கிறார்கள். ஓர் இடத்தைப் பயன்படுத்தும் மக்களே தங்களுக்குத் தெரிந்ததையும் தங்களுக்கு முக்கியமானதையும் குறிப்பார்கள். ஆய்வாளர், தொண்டு நிறுவனம், அரசுத் துறை என யாராவது கூட இருந்து உதவலாம். ஆனால் எதை வரைவது, எதை விடுவது, வரைந்ததை யாரிடம் காட்டுவது என்பதை முடிவு செய்வதில் மக்களுக்கும் கை இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் வழக்கமான கணக்கெடுப்புதான். பங்கேற்பு என்ற பெயர் மட்டும் மிஞ்சும்.

இந்த முறை கடலுக்காகப் பிறந்ததல்ல. 1970களில் கனடாவின் வடகோடியில் இனுயிட் மக்களின் வேட்டை நிலங்களைப் பதிவு செய்யும் பெரிய முயற்சி ஒன்று நடந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்கள், வாழ்நாள் முழுக்கத் தாங்கள் எங்கெல்லாம் போய் வேட்டையாடினார்கள், எங்கே முகாமிட்டார்கள் என்பதை வரைபடத்தாளில் தாங்களே குறித்தார்கள். உறைந்த கடல்மேல் போன வழிகளும் அதில் அடக்கம். ஆளில்லாத வெற்றுப் பனிவெளி என்று வெளியில் நினைத்திருந்த இடம், கோடு போட்டு முடித்தபோது ஒரே பின்னலாக இருந்தது. 1999இல் நுனாவுட் என்ற தனி ஆட்சிப்பகுதி உருவாகக் காரணமான நில உரிமைப் பேச்சுவார்த்தைக்கு இந்த வரைபடங்கள் அடித்தளமாக இருந்தன.

கடலில் இந்த வேலை நிலத்தைவிடச் சிக்கலானது. வேலி கிடையாது, வரப்பு கிடையாது. மீன் ஓரிடத்தில் நிற்காது. ஒரே இடம் கோடையில் ஒருவருக்கும் மழைக்காலத்தில் இன்னொருவருக்கும் பயன்படலாம். மேல்மட்டத் தண்ணீரில் ஒரு வலை, அடியில் வேறொரு வலை. பகலில் கடற்புல் மேயும் மீன் இரவில் வேறெங்கோ போய்த் தூங்கும். இதையெல்லாம் தட்டையான ஒரு தாளில் எப்படிக் காட்டுவது? ஒரு தாள் போதாது என்பதுதான் பதில். காலத்துக்கு ஒன்று, தொழிலுக்கு ஒன்று எனப் பல தாள்கள் வேண்டும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மணலில் குச்சியால் கீறுவதில் தொடங்கலாம். பெரிய தாளில் வண்ணப் பேனாவால் வரையலாம். செயற்கைக்கோள் படத்தை அச்சிட்டு அதன்மேல் குறிக்கலாம், ஜிபிஎஸ் கருவியுடன் படகிலேயே போய்ப் புள்ளிகளைப் பதியலாம். சில இடங்களில் அட்டையை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டி, மலையும் கடலடியும் தெரியும் முப்பரிமாண மாதிரி செய்கிறார்கள். பிஜியின் ஒவலாவ் தீவில் 2005இல் அப்படி ஒன்று செய்தார்கள். வழக்கமாகப் பள்ளிப் பிள்ளைகள் அட்டை ஒட்ட, பெரியவர்கள் வந்து ஊசியும் நூலும் வண்ணமும் வைத்து இடங்களைக் குறிப்பார்கள். வரைபடம் படிக்கத் தெரியாதவர்கூட அந்த மாதிரியைச் சுற்றி நின்று விரல் வைத்துப் பேச முடியும் என்பது இதில் உள்ள லாபம். கடைசியில் எல்லாத் தகவலும் பெரும்பாலும் ஜிஐஎஸ் எனப்படும் கணினி மென்பொருளுக்குப் போகும். அங்கே ஆழம், கடலடித் தன்மை, மீன்பிடி இடம் என ஒவ்வொன்றையும் தனித்தனி அடுக்காக வைத்து, ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்க்கலாம்.

இது நடைமுறையில் என்ன செய்யும் என்று பார்க்க எனக்குப் பிடித்த உதாரணம் சாலமன் தீவுகளில் இருக்கிறது. அந்நாட்டின் மேற்கு மாகாணத்தில், நியூ ஜார்ஜியா தீவை ஒட்டி ரொவியானா என்ற காயல் உண்டு. அங்கே நடைமுறையில் கடல் அரசுக்குச் சொந்தமான பொது வெளி கிடையாது. இந்தப் பாறைத்தொடர் இந்த ஊருக்கு, அந்த வாய்க்கால் அந்தக் குலத்துக்கு என்று வழக்குரிமை இருக்கிறது. 1990களிலிருந்து மானுடவியலாளர் சங்கர் அஸ்வானியும் அவருடன் வேலை செய்தவர்களும் அங்கே மீனவர்களோடு சேர்ந்து வரைபடம் தயாரித்தார்கள். மீன்பிடி இடங்களுக்கு எல்லாம் உள்ளூர்ப் பெயர் இருந்தது. அந்தப் பெயர்களைப் பதிந்தார்கள். எங்கே யார், எவ்வளவு நேரம், எந்த முறையில் பிடிக்கிறார்கள் என்பதைப் பதிந்தார்கள். வானிலிருந்து எடுத்த படங்களை ஊர்மக்களிடம் கொடுத்து, கடலடியில் எது கடற்புல், எது மணல், எது பவளம் என்று கோடு போடச் சொன்னார்கள். அப்புறம் தண்ணீருக்குள் இறங்கி அளந்து ஒப்பிட்டார்கள். ஊர்மக்கள் போட்ட கோடுகளில் பெரும்பகுதி நம்பத் தகுந்தவையாக இருந்தன.

அங்கே ஒரு கிளிமீன் இருக்கிறது. நெற்றி புடைத்து, வளர்ந்தால் 1.3 மீட்டர் நீளமும் 46 கிலோ எடையும் வரக்கூடிய பெரிய ஜாதி. பவளத்தைக் கடித்துத் தின்னும். இரவில் ஆழம் குறைந்த இடத்தில் கூட்டமாகத் தூங்கும். அதுதான் அதற்கு வினையாகப் போனது. தண்ணீருக்குள் எரியும் டார்ச் விளக்கு வந்ததும், தூங்குகிற மீனை ஈட்டியால் குத்தி அள்ளத் தொடங்கினார்கள். இதைக் காப்பாற்ற வேண்டும் என்றால் எந்த இடத்தில் மீன்பிடிப்பை நிறுத்தி மூடுவது? வெளிப்பாறையில் பெரிய மீன்கள் இருக்கும் இடத்தை மட்டும் மூடலாம் என்று வெளியிலிருந்து வருகிறவருக்குத் தோன்றும். ரொவியானா மீனவர்கள் இந்த மீனுக்கு அளவுக்கு ஏற்ப வேறு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். சிறுசு காயலின் உள்பக்கத்தில் வளர்கிறது, பெரியது வெளிப்பக்கப் பாறைகளிலும் கடலோடு இணையும் வாய்க்கால்களிலும் இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்ற முடிவுக்கு வர முடிந்தது. குஞ்சு வளரும் இடத்தை விட்டுவிட்டு வெளிப்பாறையை மட்டும் மூடியிருந்தால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

ரொவியானாவில் இன்னொரு விஷயமும் நடந்தது. என் கணக்கில் அது கிளிமீன் கதையைவிட முக்கியம். கண்டல் காட்டுச் சேற்றிலும் ஆழமில்லாத இடத்திலும் சிப்பி பொறுக்குவது அங்கே பெண்களின் வேலை. படகும் வலையும் இல்லாததால் 'மீன்பிடித் தொழில்' என்ற தலைப்பின்கீழ் இது வருவதே இல்லை. ஆண்களை மட்டும் உட்காரவைத்து வரைபடம் போட்டால் அந்தச் சேறு வெற்றிடமாக நின்றுவிடும். பராவுலு என்ற ஊரின் பெண்கள் சிப்பி குறைந்துவருவதைக் கவனித்து, சில இடங்களில் தாங்களே பொறுக்குவதை நிறுத்திப் பார்க்க முன்வந்தார்கள். அந்த இடங்களைக் குறித்து, மூடிய இடத்திலும் மூடாத இடத்திலும் சிப்பியை எண்ணி அளந்து வந்தார்கள். மூடிய இடங்களில் சிப்பி பெருகியது. வரைபடம் போடும்போது யாரை அழைத்தோம் என்பதைப் பொறுத்துதான் கடலில் 'வளம்' என்று எதைக் காண்கிறோம் என்பது அமைகிறது.

ரொவியானா சின்ன இடம், ஊருக்கு உரிமையுள்ள கடல், அங்கே சரிப்படும், நவீன மீன்பிடித் தொழில் நடக்கும் இடத்தில் இது எப்படி என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குக் கலிபோர்னியாவைப் பார்க்க வேண்டும்.

கலிபோர்னியா மாநிலம் 1999இல் ஒரு சட்டம் போட்டது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரையுள்ள மாநிலக் கடலில், மீன்பிடிப்பைத் தடுக்கும் அல்லது கட்டுப்படுத்தும் பாதுகாப்புப் பகுதிகளை ஒன்றோடொன்று இணைந்த வலையமைப்பாக அமைக்க வேண்டும் என்பது சட்டம். முதல் முயற்சியில் விஞ்ஞானிகள் குழு ஒன்று உட்கார்ந்து எல்லைகளை வரைந்தது. 2001இல் அந்த வரைபடங்களைப் பொதுக்கூட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். தங்கள் இடத்தின்மேல் ஏற்கெனவே கோடு விழுந்திருப்பதைப் பார்த்த மீனவர்கள் கொதித்துப் போனார்கள். அந்தத் திட்டத்தையே கைவிட வேண்டி வந்தது. அடுத்த முயற்சி பணமில்லாமல் நின்றது. 2004இல் மூன்றாவது முறை தொடங்கியபோது வழியை மாற்றினார்கள். கரையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மீனவர்கள், தூண்டில் போடுவோர், சூழலியல் ஆர்வலர்கள், உள்ளூர் ஆட்கள் ஆகியோரைக் கொண்ட குழுவே எல்லைகளை வரைந்தது. விஞ்ஞானிகள் அளவுகோல் கொடுத்து, வந்த வரைவுகளைச் சோதித்தார்கள்.

இங்கே மீனவர்களிடமிருந்து தகவல் வாங்கிய விதம் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு மீனவரையும் தனித்தனியாகச் சந்தித்தார்கள். இந்த மீனுக்காக நீங்கள் போகும் இடங்களை வரைபடத்தில் காட்டுங்கள் என்று கேட்டார்கள். அப்புறம் உங்கள் கையில் நூறு காசு இருப்பதாக வைத்துக்கொண்டு, எந்த இடம் உங்களுக்கு எவ்வளவு முக்கியமோ அந்த அளவுக்கு அதன்மேல் காசை வையுங்கள் என்றார்கள். ஒருவர் ஒரே இடத்தில் எண்பது காசை வைப்பார். இன்னொருவர் பத்து இடங்களில் பத்துப் பத்தாகப் பிரித்து வைப்பார். 'எல்லா இடமும் முக்கியம்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது, நூறோடு காசு தீர்ந்துவிடும். தனி ஆள் வரைந்தது வெளியே போகாது. அதே தொழிலில் இருக்கும் பலருடையதைக் கூட்டி, துறைமுகவாரியாகத் திரட்டிய பிறகுதான் குழுவின் முன் வைத்தார்கள். இன்ன எல்லை போட்டால் இன்ன தொழிலின் மதிப்பில் இவ்வளவு போகும் என்று கணக்குப் போட அது உதவியது. பின்னாளில் இணையத்திலேயே எல்லைகளை வரைந்து உடனுக்குடன் ஒப்பிட்டுப் பார்க்க, மரைன்மேப் என்ற மென்பொருளும் பயன்பட்டது.

2012இன் முடிவில் வேலை முடிந்தது. 124 பாதுகாப்புப் பகுதிகள், மாநிலக் கடலில் சுமார் 16 சதவீதம். எல்லோரும் திருப்தியாக வீட்டுக்குப் போனார்கள் என்று சொல்ல மாட்டேன். சண்டை கடைசிவரை இருந்தது. வடகரையில் பூர்வகுடிகள், தங்கள் முன்னோர் காலத்திலிருந்து சிப்பியும் பாசியும் எடுத்துவரும் உரிமையை யாரும் வரைந்து தர வேண்டியதில்லை என்றார்கள். அவர்களுடைய வழக்கமான பயன்பாட்டுக்கு விதியில் தனியாக இடம் கொடுக்க வேண்டி வந்தது. ஆனாலும் அதே சட்டம், அதே கடல், 2001இல் உடைந்தது 2012இல் நின்றது. மாறியது வேலையின் வரிசை. முன்பு கோடு முதலில் வந்தது, கேள்வி பிறகு வந்தது.

பாதுகாப்புப் பகுதி அமைக்கத்தான் இந்த முறை என்று நினைக்கக் கூடாது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் டெட் ஏம்ஸ் என்ற மீனவர் வேறொரு காரியம் செய்தார். அங்கே காட் என்னும் மீன் கரையோரத்தில் ஏறக்குறைய அழிந்துபோயிருந்தது. ஓய்வுபெற்ற கிழ மீனவர்களைத் தேடிப்போய், அந்தக் காலத்தில் முட்டையுடன் காட் கிடைத்த இடங்கள் எவை என்று கேட்டு வரைபடத்தில் குறித்தார். பழைய ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார். ஐம்பது, எழுபது ஆண்டுகளுக்கு முன் கரையோரத்தில் இருந்த இனப்பெருக்க இடங்களில் ஏறத்தாழப் பாதியில் இப்போது மீனே வருவதில்லை என்பது தெரிந்தது. கப்பலும் கருவியும் இன்றுள்ள மீனைத்தான் எண்ணும். இல்லாமல் போன மீனின் இடத்தைச் சொல்ல ஆட்கள்தான் வேண்டும். அந்த ஆட்களும் வயதானவர்கள் என்பதால் இதில் அவசரமும் உண்டு. 2005இல் ஏம்ஸுக்கு மெக்கார்தர் என்ற பெயர்பெற்ற அமெரிக்க நல்கை கிடைத்தது.

இனி இதில் உள்ள ஆபத்துகள். நல்ல எண்ணத்தோடு தொடங்கி ஊருக்குத் தீங்காக முடிகிற வாய்ப்பு நிறையவே இருக்கிறது.

முதலாவது ரகசியம். நல்ல மீன் நிற்கும் இடத்தை மீனவர் பக்கத்துப் படகுக்குக்கூடச் சொல்வதில்லை. கோயில் கோபுரமும் பின்னால் உள்ள மலையும் ஒரே கோட்டில் வர வேண்டும், இந்தப் பக்கம் மாதா கோயிலும் பனைமரமும் நேராக வர வேண்டும் என்று மனதில் வைத்திருந்த இடம், இன்று ஜிபிஎஸ் கருவியில் ஒரு புள்ளியாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. மனதில் இருந்தவரை களவு போகாது. புள்ளியை வாங்கிக்கொண்டு போகிறவர் அதை யாரிடம் கொடுப்பார்? பெரிய விசைப்படகுக்காரர் கையில் போகலாம். எண்ணெய் தோண்டும் நிறுவனத்துக்கும் போகலாம். அல்லது அரசே, இங்கே மீன் நிறைய இருக்கிறது, மூடிவிடு என்றும் சொல்லலாம். அதனால்தான் கலிபோர்னியாவில் தனி ஆள் தகவலைத் திரட்டாமல் வெளியிடவில்லை. சரியான இடத்தைச் சொல்லாமல் பெரிய கட்டங்களாகக் காட்டுவது, சில அடுக்குகளை ஊரிலேயே வைத்துக்கொள்வது, புனிதமான இடங்களைக் குறிக்காமல் விடுவது போன்ற வழிகளும் உண்டு. மூலத்தாள் ஊரில் இருக்க வேண்டும், நகல்தான் வெளியே போக வேண்டும் என்பதை முதல் கூட்டத்திலேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

இரண்டாவது, கோடு. இரண்டு ஊர்களுக்கு இடையே இதுவரை 'சுமார் அந்த இடம்' என்று இருந்த எல்லை, பேனாவால் கோடு போட்டவுடன் கெட்டியாகிவிடும். மீன் இல்லாத ஆண்டில் பக்கத்து ஊர்க்காரர் வந்து பிடித்துக்கொள்ள அனுமதித்த இளக்கம் போய், கோடு தாண்டினாய் என்று அடிதடி வரும். எல்லாவற்றுக்கும் கோடு தேவையில்லை. சில இடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விட்டுவைக்கலாம்.

மூன்றாவது, யார் இல்லை என்பது. கூட்டத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் படகுச் சொந்தக்காரரும் ஊர்த் தலைவருமாக இருப்பார்கள். கூலிக்குப் போகிறவர், நண்டு பிடிப்பவர், கருவாடு போடும் பெண்கள், கழிமுகத்தில் கையால் இறால் தடவுகிறவர்கள் வரமாட்டார்கள். அவர்களைத் தனியாக, அவர்களுக்கு ஓய்வான நேரத்தில் பார்க்க வேண்டும். பராவுலு பெண்கள் சேற்றில் சிப்பி எண்ணியதைப் பார்த்தோம். நம் பக்கத்திலும் அதற்கு ஒரு ஜோடி இருக்கிறது.

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. சுமார் 560 சதுர கிலோமீட்டர். அந்தத் தீவுகளைச் சுற்றிய ஆழமில்லாத தண்ணீரில் பாசி எடுப்பது பாம்பன் முதல் பல ஊர்களின் பெண்களுக்குப் பிழைப்பு. மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என ஒவ்வொன்றும் எங்கே வளரும், எப்போது எடுக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். பூங்காவின் எல்லைக்கோடு இந்தப் பயன்பாட்டின்மேல் விழுந்தது. காவல் கடுமையானபோது பெண்கள் தங்கள் இடத்துக்குப் போவதே குற்றமாகிவிட்டது. அவர்களோ மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாசிக்குப் போவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி என்ற சர்வதேசப் பரிசு கிடைத்தது. 1986க்கு முன்பே ஒரு தாளில் பாசி எடுக்கும் இடங்களும் காலங்களும் குறிக்கப்பட்டிருந்தால் பூங்காவே வந்திருக்காது என்று சொல்லவில்லை. எங்கே முழுத் தடை, எங்கே எப்போது அனுமதி என்று பிரித்துப் பேச அந்தத் தாள் ஓர் இடம் தந்திருக்கும்.

இன்று நம் கடற்கரை ஊர்களுக்கு இந்த வேலை இன்னொரு வழியாக வந்து நிற்கிறது. மத்திய அரசின் 2011ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மாநில அரசு தயாரிக்கும் கடலோர மேலாண்மை வரைபடத்தில் மீனவக் கிராமங்களையும் அவர்களின் பொதுச் சொத்துகளையும், மீன் காயவைக்கும் இடம், பள்ளி, சாலை போன்றவற்றையும் சர்வே எண் அளவிலான வரைபடத்தில் காட்ட வேண்டும் என்றது. நீர்ப்பரப்பில் மீன்பிடி இடங்களையும் மீன் இனப்பெருக்க இடங்களையும் குறிக்க வேண்டும் என்றது. ஊர் பெருகும்போது தேவைப்படும் வீட்டுமனைக்கும் திட்டம் வேண்டும் என்றது. அதன் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி தயாரான தமிழ்நாட்டு வரைவு வரைபடங்கள்மீது 2023இல் கருத்துக் கேட்பு நடந்தபோது, மீனவர்கள் சொன்ன முக்கியமான புகார் இவை பல இடங்களில் காணவில்லை என்பதுதான். வரைபடத்தில் காலி மணலாகத் தெரியும் இடத்தில் நாளை ஒரு சாலையோ விடுதியோ வரலாம்.

சில ஊர்களில் இளைஞர்களே கைப்பேசி ஜிபிஎஸ்ஸும் இலவச மென்பொருளும் வைத்துத் தங்கள் ஊரை வரைந்திருக்கிறார்கள். தொடங்க நினைக்கும் ஊருக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் மட்டும். படகு நிறுத்தும் இடம் வாடைக்காற்று நாளில் ஒன்று, கச்சான் (மேல்காற்று) நாளில் வேறொன்று. இரண்டையும் குறிக்க வேண்டும், இல்லையென்றால் காலியாக இருக்கும் நாளில் வந்து பார்ப்பவர் பயன்படாத நிலம் என்று எழுதிவிடுவார். கரைவலை இழுக்க வேண்டிய மணல் நீளம், வலை உலர்த்தும் இடம், ஏலம் போடும் இடம், கடல் அரிப்பில் போன வீதி, திருவிழாவுக்குச் சாமி கடலுக்கு வரும் பாதை எல்லாம் இதில் வரும். கைப்பேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், கடலுக்கு அது போதும். கரையில் மட்டும் கிராம நிர்வாக அலுவலகத்தில் உள்ள புலப்படத்தை (சர்வே எண்வாரியான நில அளவைப் படத்தை) வாங்கி, ஒவ்வொரு இடத்துக்கும் சர்வே எண்ணைச் சேர்த்துவிட வேண்டும். அறிவிக்கை கேட்பது அந்த அளவிலான வரைபடத்தை. எண் இல்லாத வரைபடத்தை, எவ்வளவு அழகாக வரைந்திருந்தாலும், மனுவோடு இணைத்த ஓவியமாக எடுத்து வைத்துவிடுவார்கள்.